சீவீட் பாசி, சீகிராஸ் புல்: இராமநாதபுரம் கடலில் இரண்டையும் ஏன் குழப்பக் கூடாது

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையைப் பற்றி வரும் செய்திகளில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் அடிக்கடி தென்படுகின்றன. ஒன்று சீவீட், இன்னொன்று சீகிராஸ். இரண்டும் 'சீ' என்றே தொடங்குகின்றன. இரண்டும் கடலுக்கடியில் பச்சையாக அசையும் ஏதோ ஒன்றைக் குறிக்கின்றன. தமிழுக்கு வரும்போது இரண்டுமே பல நேரங்களில் 'கடற்பாசி' ஆகிவிடுகின்றன.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கடற்பாசி வளர்த்தால் மீனவப் பெண்களுக்கு வருமானம் என்று ஒரு செய்தி சொல்கிறது. கடற்பாசி அழிந்தால் கடல் பசு அழிந்துவிடும் என்று இன்னொரு செய்தி எச்சரிக்கிறது. கடற்பாசியால் மீன்கள் செத்து ஒதுங்கின என்று மூன்றாவது செய்தி வருகிறது. படிப்பவருக்கு நியாயமாகவே ஒரு கேள்வி எழும்: இந்தப் பாசி நல்லதா கெட்டதா, வளர்க்க வேண்டியதா விட்டுவைக்க வேண்டியதா?

மூன்று செய்திகளும் உண்மையாக இருக்க முடியும். ஏனென்றால் அவை பேசுவது மூன்று வெவ்வேறு உயிர்களைப் பற்றி. முதலாவது சீவீட், இரண்டாவது சீகிராஸ். மூன்றாவது இரண்டிலும் சேராதது, அதைப் பிறகு பார்ப்போம்.

## பெயர் என்ன சொல்கிறது

ஆங்கிலத்தில் 'வீட்' என்றால் களை, 'கிராஸ்' என்றால் புல். பெயரைப் பிரித்துப் பார்த்தால் சீவீட் கடல் களை, சீகிராஸ் கடல் புல். தரையில் வாழும் மனிதர்கள் கடலை எட்டிப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சூட்டிய பெயர்கள் இவை. இரண்டுமே பொருளோடு முழுதாக ஒட்டவில்லை.

சீவீட் களை இல்லை. வேர், தண்டு, இலை என்று உறுப்புகள் பிரிந்த செடியும் இல்லை. சீகிராஸ் உண்மையான செடி, பூக்கும் செடி. ஆனால் நெல்லும் அருகும் சேர்ந்த புல் குடும்பத்தில் அதற்கு இடமில்லை. தாவரவியல் வகைப்பாட்டில் அதற்குக் கிட்டத்து உறவு நெல்லைவிடச் சேப்பங்கிழங்கும், கண்மாயில் முளைக்கும் கொட்டிக்கிழங்கும்தான்.

ஆகவே 'கிராஸ்' என்ற சொல்லை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. இதற்கு நம் சமையலறையிலேயே சாட்சி இருக்கிறது. ரம்ஜான் மாதத்தில் கீழக்கரையிலும் தொண்டியிலும் பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, ஆறவைத்துத் துண்டு போடும் கடல்பாசி இருக்கிறதே, அதே பொருளைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டும் வாங்குகிறோம். அது புல்லிலிருந்து வந்தது இல்லை. சீவீட் வகைகளிலிருந்து எடுக்கும் அகர் அது. தமிழ்ப் பெயர் இங்கே ஆங்கிலப் பெயரைவிடச் சரியாக இருக்கிறது.

## சீவீட்: வேரில்லாத பாசி

சீவீட் என்பது கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்த கடல் ஆல்கா. குளத்துப் படியில் வழுக்கும் பாசியின் பெரிய உறவு என்று வைத்துக்கொள்ளலாம். நிறத்தை வைத்து இதைப் பச்சை, பழுப்பு, சிவப்பு என மூன்று பெரும் பிரிவாகப் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவுகளுக்குள் உறவும் ரொம்ப நெருக்கம் இல்லை. பழுப்புப் பாசிகள் தரைத் தாவரங்களின் வம்சத்திலிருந்து மிகவும் விலகியவை.

மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களுக்கு இந்த வகைப்பாடு வேறு பெயர்களில் அத்துப்படி. கிராசிலேரியா அவர்களுக்குக் கஞ்சிப்பாசி. ஜெலிடியெல்லா மரிக்கொழுந்துப் பாசி. சர்காசம் கட்டக்கோரை. டர்பினேரியா பக்கோடா பாசி. முதல் இரண்டும் சிவப்புப் பாசிகள், அவற்றிலிருந்து அகர் கிடைக்கிறது. பின்னிரண்டும் பழுப்பு, அவற்றிலிருந்து ஆல்ஜினேட் கிடைக்கிறது. ஐஸ்கிரீம் கட்டியாக நிற்பதற்கும், துணியில் சாயம் பரவாமல் இருப்பதற்கும் ஆல்ஜினேட் உதவுகிறது.

'கட்டக்கோரை' என்ற பெயரைக் கவனியுங்கள். கோரை என்பது குளக்கரையில், வயலில் வளரும் செடி. பாய் பின்னுவது அதில்தான். ஒரு பாசிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் செய்ததையே நம் கடற்கரையும் செய்திருக்கிறது: பார்வைக்கு எதைப் போல இருக்கிறதோ அந்தப் பெயர்.

பாசிக்கு வேர் கிடையாது. பாறையையோ செத்த பவளக்கல்லையோ பிடித்துக்கொள்ள அடியில் ஒரு பிடிப்பு மட்டும் உண்டு. அந்தப் பிடிப்பு மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சாது. சத்து முழுவதும் உடம்பெங்கும் உள்ள பரப்பின் வழியாக நீரிலிருந்தே வருகிறது. பூ இல்லை, விதை இல்லை. வித்துத்தூள்களாலும், சில இனங்களில் ஒடிந்த துண்டுகளாலும் பெருகுகிறது. ஒடிந்த துண்டு தனியாக வளரும் என்ற இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## சீகிராஸ்: கடலுக்குத் திரும்பிய செடி

திமிங்கிலத்தின் முன்னோர் தரையில் நடந்த விலங்குகள். அவை மெல்ல மெல்லக் கடலுக்குத் திரும்பின. செடிகளிலும் அப்படித் திரும்பிய சில உண்டு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் இருந்த காலத்தில், பூக்கும் தாவரங்களின் சில கிளைகள் உப்பு நீருக்குள் இறங்கி அங்கேயே வாழக் கற்றன. அவைதான் சீகிராஸ். உலகம் முழுவதும் சேர்த்தே இவற்றில் ஏறத்தாழ 70 இனங்கள்தான். பாசியில் இனங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

கடலுக்குள் போனாலும் தரையில் வாழ்ந்த காலத்தின் உறுப்புகளை இந்தச் செடி விடவில்லை. மணலுக்கடியில் கணுக் கணுவாக ஓடும் மட்டத்தண்டு, கணுவுக்குக் கணு வேர், மேலே இலை, பருவத்தில் பூ, பிறகு விதை என எல்லாம் உண்டு.

பூப்பது கடலுக்கடியில் என்றால் மகரந்தம் எப்படிப் போகும்? வண்டும் இல்லை, காற்றும் இல்லை. பெரும்பாலான இனங்களில் நூல் போன்ற மகரந்தத்தைக் கடல் நீரோட்டமே சுமந்து போகிறது. என்ஹாலஸ் என்ற நாடா போல நீண்ட இலை கொண்ட இனம் இன்னும் வியப்பானது. அதன் ஆண் பூக்கள் செடியிலிருந்து கழன்று மேலே வந்து, நீர் வற்றும் நேரத்தில் பரப்பில் மிதக்கின்றன. பெண் பூ நீண்ட காம்பில் மேலே வந்து அவற்றை வாங்கிக்கொள்கிறது. கடல் மட்டம் ஏறி இறங்கும் நேரத்தை அளந்து வைத்திருக்கும் செடி இது.

சீகிராஸுக்கு வேண்டியவை மூன்று. வேர் பிடிக்க மணலோ சேறோ வேண்டும். ஆழம் குறைவாக இருக்க வேண்டும். நீர் தெளிவாக இருக்க வேண்டும். நீர்ப்பரப்பில் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரையாவது அடிக்கு வந்து சேராவிட்டால் பெரும்பாலான இனங்கள் தாக்குப்பிடிக்காது.

இந்த மூன்றையும் கேட்டால் பாக் விரிகுடா கண்முன் வரும். இராமேசுவரம் தீவுக்காரர்கள் அதைப் பெண் கடல் என்கிறார்கள், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்கிறார்கள். பெண் கடல் ஆழமில்லாதது, அடியில் மணலும் சேறும் கலந்தது, ஆண்டின் பெரும்பகுதி அலையடங்கி இருப்பது. தெற்கே மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரம் தீவுக்கும் இடையே 21 தீவுகளின் வரிசை. அங்கே பவளப்பாறையில் பாசியும், தீவுக்கும் கரைக்கும் நடுவே உள்ள அமைதியான மணற்பரப்பில் சீகிராஸும் அருகருகே வளர்கின்றன. இந்தியாவில் உள்ள சீகிராஸ் இனங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கடல்களிலும் உண்டு.

## கையில் எடுத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்

காற்று மாறும் பருவத்தில் கரையில் குவியல் குவியலாக ஒதுங்குவதில் இரண்டும் கலந்தே கிடக்கும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

1. அடிப்பக்கத்தைப் பாருங்கள். கணுவுள்ள தண்டும் அதிலிருந்து வேர்களும் இருந்தால் சீகிராஸ். சிறு கல்லையோ சிப்பியையோ கவ்விய பிடிப்பு இருந்தால் சீவீட்.

2. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சீகிராஸ் இலையில் நரம்பு தெரியும், நாடா போன்ற இலையாக இருந்தால் நரம்புகள் நீளவாக்கில் ஓடும். பாசியில் அப்படி உண்மையான நரம்பு அமைப்பு இல்லை. சர்காசத்தின் இலை போன்ற தகடுகளில் நடுக்கோடு ஒன்று தெரிவது உண்டு, அதை மட்டும் வைத்து ஏமாற வேண்டாம்.

3. நிறத்தை நம்பாதீர்கள். வெயிலில் கிடந்தால் இரண்டும் வெளுத்துப்போகும், இரண்டும் கறுத்தும் போகும்.

4. உருவத்தை அதைவிடக் குறைவாக நம்புங்கள். இதில்தான் அதிகப் பேர் தவறுகிறார்கள். சர்காசத்தில் இலை போன்ற தகடுகளும், காய் போன்ற சின்னச் சின்ன உருண்டைகளும் இருக்கும். அவை காயல்ல, நிமிர்ந்து மிதக்க உதவும் காற்றுப் பைகள். அப்படியென்றால் 'இலையும் காயும் உள்ளது செடி' என்ற கணக்கு இங்கே பொய்யாகிறது. மறுபக்கம் ஹாலோஃபிலா என்ற சீகிராஸைப் பார்த்தால் புல்லின் சாயலே இருக்காது, சின்னத் துடுப்பு போல முட்டை வடிவ இலை. அதைக் கையில் கொடுத்தால் புல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலெர்ப்பா என்ற பச்சைப் பாசியோ மணலில் கொடி போல ஓடி, மேலே இலை போல எழும்பி, புல்லை அப்படியே ஒத்திருக்கும். கேட்டால் எல்லோரும் புல் என்பார்கள். ஆகவே உறுதியான அடையாளம் வேரும் நரம்பும்தான்.

## மூன்றாவது பாசி

மீன் செத்து ஒதுங்கிய செய்திக்கு வருவோம். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் அருகே மன்னார் வளைகுடாவின் கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்து ஒதுங்கின. இரவில் நீர் பளபளவென்று ஒளிர்ந்தது. மீனவர்கள் இதைப் பூங்கோரை என்கிறார்கள். செய்திகளில் 'பச்சைப் பாசி' என்றும் 'கடல்பாசி' என்றும் வந்தது.

அது சீவீட் இல்லை, சீகிராஸும் இல்லை. நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்தாலே பெரிது. அதன் உடம்புக்குள் இன்னும் நுண்ணிய பச்சை ஆல்கா குடியிருப்பதால்தான் கடலே பச்சையாகத் தெரிகிறது. சத்து மிகுந்த நீரில் இது கோடிக்கணக்கில் பெருகும். பிறகு ஒரே நேரத்தில் மடிந்து அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜன் குறைகிறது, அம்மோனியா ஏறுகிறது, மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. கரையில் உலரும் கஞ்சிப்பாசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. 'பாசி' என்ற ஒரே சொல் மூன்றின் மேலும் விழுந்ததால் வந்த வினை, பாசி வளர்ப்பவர்தான் மீனைக் கொன்றார் என்று பேசுவதற்கு வழி திறந்துவிடுகிறது.

## சொல் மாறினால் என்ன மாறும்

இனி விளைவுகள். இதை வெறும் மொழிச் சிக்கல் என்று விட்டுவிட முடியாது. ஒரு தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு இடத்தின் சட்ட நிலையும் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் மாறுகின்றன.

1. சட்டம். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்பது கரையோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று மத்திய அரசு வகுத்த விதி. 2011 அறிவிக்கையிலும் 2019 அறிவிக்கையிலும் சூழல் உணர்திறன் மிக்க இடங்களின் பட்டியல் இருக்கிறது. அலையாத்திக் காடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் கரை ஆகியவற்றோடு சீகிராஸ் படுகையும் அதில் உண்டு. சீவீட் அதில் இல்லை. ஆகவே ஒரு வரைபடத்திலோ அறிக்கையிலோ சீகிராஸ் படுகையைக் 'கடற்பாசி உள்ள இடம்' என்று எழுதினால், அந்த இடத்துக்குச் சட்டம் தரும் காப்பு வாசிப்பவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தமிழ் அறிக்கையை மட்டும் நம்பி வரும் மீனவருக்கு இது நேரடி இழப்பு.

2. கடல் பசு. இந்தக் கரையில் ஆவுளியா என்று அழைக்கப்படும் கடல் பசுவின் உணவு சீகிராஸ். ஒரு நாளைக்கு 40 கிலோ வரை மேயும். இலையை மட்டும் கடித்துவிட்டுப் போகாது, மட்டத்தண்டோடு பெயர்த்துத் தின்னும். மேய்ந்த இடத்தில் மணலில் தடம் விழுந்திருக்கும். புல் கிடைக்காத நெருக்கடியில் பாசியைத் தின்பது உண்டு, ஆனால் அதை நம்பி உடம்பைத் தேற்றிக்கொள்ள அதனால் முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடல் பசு காப்பகமாக அறிவித்தது. காப்பகத்தின் எல்லை இராமநாதபுரத்துக்கு வடக்கே நின்றாலும் கடல் ஒன்றுதான், ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியாது. அந்தக் காப்பகம் காப்பாற்ற நினைப்பது கடற்பாசியை அல்ல, கடற்புல்லை. புல்லை மீட்க இந்தக் கடலில் மூங்கில் சட்டங்களில் கயிறு கட்டி, அதில் நாற்றைச் செருகி அடியில் பதிக்கிறார்கள். ஏறத்தாழ நெல் நடவு மாதிரிதான்.

3. பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கத்துப் பெண்கள் பல தலைமுறையாகக் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறையிலிருந்து பறிக்கிறார்கள். 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் தீவுகளைச் சுற்றி எடுக்கத் தடை இருப்பதால் வனத்துறைக்கும் அவர்களுக்கும் நெடுங்காலமாக இழுபறி. 'இவர்கள் பாசியைப் பறிப்பதால் கடல் பசுவுக்குத் தீனி போகிறது' என்ற குற்றச்சாட்டு எழுந்தால், அதன் வேர் இந்தச் சொற்குழப்பம்தான். அவர்கள் பறிப்பது பாறையில் உள்ள பாசி, கடல் பசு தின்பது மணலில் உள்ள புல். அகர் ஆலைக்காரர் புல்லை விலைக்கு வாங்க மாட்டார், அதில் அகரே கிடையாது. பவளப்பாறையில் கால் வைத்து நடந்தால் பவளம் உடையும் என்ற கவலை நியாயமானது, அதைத் தனியே பேச வேண்டும். அந்தப் பெண்களே தங்களுக்குள் விதி போட்டு, மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக் காலத்தை ஒட்டி 45 நாள் கடலில் இறங்காமல் இருப்பது என்று கட்டுப்படுத்திக்கொண்டவர்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது இந்த உழைப்பை ஒட்டித்தான்.

4. கார்பன் கணக்கு. 'நீலக் கார்பன்' என்று ஒரு சொல் இப்போது புழங்குகிறது. கடலோர உயிர்கள் காற்றின் கரியமில வாயுவை இழுத்து நெடுங்காலம் மண்ணில் பூட்டி வைப்பதை அது குறிக்கும். சீகிராஸின் இலைகள் நீரின் வேகத்தைத் தணிக்கின்றன, மிதக்கும் தூசு கீழே படிகிறது, வேர்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் எட்டாத அந்தச் சேற்றில் கார்பன் நூற்றாண்டுகள் கிடக்கும். பாறையில் வளரும் பாசிக்குக் கீழே அப்படிச் சேறு இல்லை. அறுவடையாகி ஆலைக்குப் போகும் பாசியின் கார்பன் சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. காலநிலை மாற்றம் பற்றிய ஐநா வல்லுநர் குழுவான ஐபிசிசியின் 2013 ஈரநில வழிகாட்டியில் அலையாத்தி, உவர்ச் சதுப்பு, சீகிராஸ் மூன்றுக்கும் கணக்கிடும் முறை உண்டு, சீவீடுக்கு இல்லை. பாசி வளர்ப்பதால் கார்பன் பணம் வரும் என்று யாராவது கிராமத்தில் வந்து சொன்னால் எந்தக் கணக்கில் என்று கேட்க வேண்டும்.

## தெப்பத்துக்கு அடியில் என்ன இருக்கிறது

ஐந்தாவது விளைவுக்குத் தனி இடம் வேண்டும். இந்த மாவட்டத்தில் இப்போது அதிக எடையுள்ள விஷயம் இதுதான்.

கப்பாஃபைகஸ் என்பது பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து உலகெங்கும் பரவிய சிவப்புப் பாசி. அதிலிருந்து கராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளும், சாற்றிலிருந்து பயிருக்கான திரவ உரமும் எடுக்கிறார்கள். மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் நிலையம் 1990களில் இதை இங்கே வளர்த்துப் பார்த்தது, 2000க்குப் பிறகு வணிக வளர்ப்பு பரவியது. மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, அதில் பாசித் துண்டுகளைக் கோத்துக் கடலில் மிதக்க விடுவார்கள். 45 நாளில் அறுவடை. 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அது இராமநாதபுரம் மாவட்டத்தில் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பில் அமைகிறது.

இந்த வருமானம் தேவையானது. மீன் குறைந்துவிட்ட கடலில், படகு வாங்க வழியில்லாத வீட்டுக்கு, 45 நாளில் காசு தரும் வேலை சின்ன விஷயம் இல்லை. ஆனால் இரண்டு சொல்லையும் ஒன்றாக்கினால் இந்தத் திட்டத்தின் முக்கியமான கேள்வியே காணாமல் போய்விடும். 'கடற்பாசி அழிகிறது, கடற்பாசி வளர்க்கிறோம்' என்று எழுதினால், அழிந்ததையே மீண்டும் வளர்ப்பது போலத் தோன்றும். நடப்பது அது இல்லை. அழிவது புல், வளர்வது பாசி. சில சமயம் ஒன்று வளர்வதே மற்றதன் அழிவுக்குக் காரணமாகலாம்.

எப்படி?

1. நிழல். தெப்பம் மேலே மிதக்கிறது, புல் கீழே இருக்கிறது. பாசி கனத்து வளர வளர ஒளி குறைகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சான்சிபார் தீவின் சுவாக்கா விரிகுடாவில், பாசிப் பண்ணை இருந்த சீகிராஸ் படுகைகளில் புல்லும் அதில் வாழும் சிற்றுயிர்களும் பண்ணை இல்லாத இடங்களைவிடக் குறைவாக இருந்ததாக ஆய்வு காட்டியது. அங்கே பாசியை வளர்ப்பது கழி நட்டு அடியை ஒட்டி, இங்கே தெப்பத்தில், ஆகவே அந்த அளவை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஒளி மறைந்தால் புல் மெலியும் என்ற அடிப்படை மட்டும் எங்கும் ஒன்றுதான்.

2. நங்கூரமும் காலும். தெப்பத்தை நிறுத்தக் கல்லோ நங்கூரமோ போடுகிறார்கள். அது மணலில் விழுகிறதா, புல்லில் விழுகிறதா? தெப்பத்தைப் பராமரிக்க ஆழமில்லாத நீரில் நடக்கும் பாதை எதன் மேல் போகிறது?

3. ஒடிந்த துண்டு. முன்பு சொன்ன விஷயம் இதுதான். கப்பாஃபைகஸ் துண்டு துண்டாகப் பெருகும். 2008இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அதற்கு முன்பே, 2005இல், தமிழக அரசு இந்த அயல் பாசியைத் தேசியப் பூங்கா இருக்கும் மன்னார் வளைகுடாப் பகுதியில் வளர்க்காமல் பாக் விரிகுடாப் பக்கம் வளர்க்கும்படி கட்டுப்படுத்தியிருந்தது. பவளத்தைக் காக்க எடுத்த அந்த முடிவு சரியானதே. அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: பாசி வளர்ப்பு தள்ளப்பட்ட அந்தப் பெண் கடல்தான் சீகிராஸ் நிறைந்த கடல்.

இதற்காகப் பாசி வளர்ப்பை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. புல் இல்லாத வெறும் மணற்பரப்பு பாக் விரிகுடாவில் இருக்கிறது. தெப்பங்களுக்கு நடுவே இடைவெளி விடலாம். புல்லைப் பெயர்ப்பதில் தெப்பத்தைவிட அடியைச் சுரண்டிப் போகும் இழுவைமடி பல மடங்கு கொடியது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் கையில் இருக்கும் தாளில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், எதைத் தவிர்க்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

## தமிழில் எப்படிச் சொல்வது

சொல்லுக்குப் பஞ்சமில்லை. சீவீடுக்குக் கடற்பாசி, சீகிராஸுக்குக் கடற்புல். இரண்டும் சின்னச் சொற்கள், கேட்டவுடன் புரிபவை. 'கடல் தாவரம்' என்று பொதுவாகச் சொல்வதைத் தவிர்க்கலாம், அது குழப்பத்தைத் தீர்க்காமல் மூடி வைக்கிறது. பூங்கோரையைப் பூங்கோரை என்றே எழுதலாம், மீனவர் தந்த சொல் அது. ஊர்ப் பேச்சில் புல்லையும் பாசி என்றே சொல்பவர்கள் இருப்பார்கள், அதில் தவறில்லை, நேரில் பேசும்போது எந்தப் பாசி என்று கேட்டுக்கொள்ளலாம். அச்சில் வருவதை அப்படித் திருப்பிக் கேட்க முடியாது.

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குபவருக்கோ, தமிழ்ச் செய்தியைப் படித்துச் சந்தேகப்படுபவருக்கோ சில தடயங்கள் போதும். பேச்சு அகர், உரம், தெப்பம், அறுவடை, ஆலை பற்றி என்றால் அது கடற்பாசி. கடல் பசு, படுகை, நடவு, நீலக் கார்பன் பற்றி என்றால் கடற்புல். நீரின் நிறம், இரவில் ஒளிர்வு, செத்த மீன் என்றால் பூங்கோரை. பேராமை என்ற பச்சைக் கடலாமை பற்றிய செய்தி என்றால் மட்டும் மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும், அது புல்லையும் மேயும், பாசியையும் மேயும்.

தெப்பம் போட இடம் கேட்டு ஊரில் கூட்டம் நடக்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் இதே பிரிவிலிருந்து வருகிறது. எத்தனை தெப்பம், எவ்வளவு மானியம் என்று கேட்பதற்கு முன்னால், தெப்பத்துக்குக் கீழே மணல் இருக்கிறதா, கல் இருக்கிறதா, புல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அந்தக் கடலில் முங்கி எழுந்தவர்களே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பதில் அவர்களிடமே இருக்கும்.